கை காட்டாம போற மனுசன்

நாலாவது குழி. இதுக்கும் கை காட்டல. மணிக்கட்டுல ஏறுன அதிர்வு முழங்கை, தோள்னு போயி கடைவாய்ப் பல்லுல முட்டி நிக்குது, அவரு பாட்டுக்கு முன்னால பச்சைச் சட்டை முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிக்கிட்டே இருக்காரு. சௌந்திரபாண்டி. நெடுஞ்சாலைத் துறையில முப்பத்திரண்டு வருசம் ரோடு போட்டவரு, எனக்குத் தாலி கட்டி இருபத்தெட்டு வருசம் ஆனவரு, எங்க ஊரு சைக்கிள் குரூப்புக்குத் தலைவரு, அதோட சட்டம் பூராவும் எழுதுனவரு. முதல் சட்டமே என்ன? முன்னால போறவன் கை காட்டணும். இடப்பக்கம் குழின்னா இடக்கையை இறக்கிக் காட்டணும், வலப்பக்கம் கல்லுன்னா வலக்கை. பின்னால வர்றவன் பாத்துட்டேன்னு 'சரி'ன்னு சத்தம் குடுக்கணும். ஏன்னா பின்னால வர்றவனுக்கு முன்னால போற சக்கரத்தைத் தவிர எதுவும் தெரியாது, முன்னால போறவன் கண்ணுதான் அவன் கண்ணு. இதை மீட்டிங் போட்டு, வடையும் டீயும் வாங்கிக் குடுத்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன மனுசன். ஒரு தடவை கை காட்ட மறந்துட்டாருன்னு குரூப்புல இருந்த ஒரு மெடிக்கல் ரெப்பை இருபது பேரு முன்னால வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கி, வண்டியை ஓரங்கட்டுன்னு சொல்லி, மறுவாரத்துல இருந்து அவரு நம்ம பக்கமே வரல. ஊருக்குத்தான் உபதேசம். பொண்டாட்டி கை ஒடிஞ்சா ஒடியட்டும்.

இத்தனைக்கும் வேகமாப் போற பாதையும் இல்ல இது. வெள்ளைக்காரன் காலத்துல தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போன குட்டி ரயில் ஓடுன பாதை. ஒரு பெரிய வெள்ளத்துல அங்கங்க அறுத்துக்கிட்டுப் போயி, அதுக்கப்புறம் தண்டவாளத்தையும் பேத்து எடுத்துட்டாங்க, மிஞ்சுனது இந்த ஜல்லி மேடு. ஊசிப்பாறை ஸ்டேசன்ல டீக்கடை இருக்கு, அங்க காலைல ஏழு மணிக்கு ஏறுனோம், பல மாசம் கழிச்சு, குரூப்பு இல்லாம நாங்க ரெண்டு பேரு மட்டும். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி கல்லாத்து மேடு. அது வரைக்கும் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம், நடுவுல ரெண்டு சைக்கிள் போற அகலம். ரயிலுக்கு ஏறத் தெரியாது வளரு, அதான் மலைக்கு இடுப்புக் கயிறு கட்டுன மாதிரி சுத்திச் சுத்திப் போகுதுன்னு பத்தாவது தடவையா சொன்னாரு. நான் கணக்கு டீச்சர், எனக்குச் சரிவு பத்திப் பாடம் எடுக்குறாரு. எடுக்கட்டும். டயரைக் கட்டை விரலால அமுக்கிப் பாத்து, காத்து கூட இருக்கு, ஜல்லியில துள்ளும், கொஞ்சம் எறக்குன்னாரு. எறக்குனேன். முன்னால போ முன்னால போன்னு ஒரு தடவையாச்சும் சொல்லிருக்காரா? நாலு வருசமா இந்த முதுகு. சட்டைக் கலரு மட்டும் மாறும். கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால, கல்யாண வீட்டுல பந்திக்குப் போனாலும் பத்தடி முன்னால, நான் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு ஓடணும். சரி, சைக்கிள்ல ஆச்சும் ஒரு நியாயம் இருந்துச்சு. குழி வந்தா கை இறங்கும். அந்தக் கை இறங்குறதைப் பாத்தா எனக்கு ஒரு... அதை விடு. வெக்கங்கெட்ட மனசு. எனக்குன்னு ஒரு ஆளு ரோட்டைப் பாத்துச் சொல்லுதுன்னு தோணும். இப்ப அதுவும் போச்சு.

கோவமாத்தான் இருக்கும். புதன்கிழமை சண்டையை இன்னும் வயித்துல வச்சுக்கிட்டு இருக்காரு. நான் என்ன கேட்டேன்? கார் கதவுல நீளமா கோடு விழுந்திருக்கே, எங்க இடிச்சீங்கன்னு கேட்டேன். நான் இடிக்கலன்னாரு. பால் வண்டிக்காரன்தான் உரசிட்டுப் போயிட்டான்னு சொல்லி, மறுநாள் காலைல அந்தாளை வாசல்ல நிப்பாட்டி வச்சு என்னா பேச்சு. பாவம் காசிமாயன், பதினஞ்சு வருசமா நமக்குப் பால் ஊத்துறவரு, சார் நான் இந்தப் பக்கமே வண்டியைத் திருப்பலன்னு கையெடுத்துக் கும்பிடுறாரு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அப்புறம் ஓசூர்ல மக வீட்டுக்குக் கார்ல போவோம்னா, வேணாம் பஸ்ல போகலாங்குறாரு. ஏன்னு கேட்டா டிரைவிங் போரடிக்குதாம். மருமகன் மேல எதோ மனத்தாங்கல், அதை வெளிய சொல்ல மாட்டாரு. பேப்பர் படிக்கக் கூட இப்ப சோம்பேறித்தனம், நீ வாசி வளரு, நான் கேக்குறேன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சாஞ்சுக்கிறாரு. நான் இட்டிலிக்கு மாவும் கரைச்சு, பள்ளிக்கூடத்துக்கும் போயி, அரசியலும் வாசிச்சுக் காட்டணும். ரிட்டயர் ஆனா ஆம்பளைங்க குழந்தையாயிருவாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் சொன்னப்ப சிரிச்சேன். குழந்தை இல்ல டீச்சர், மைனர் ஆயிட்டாரு, ஜமீன் வீட்டு மைனர்.

டங்குன்னு ஒண்ணு. அஞ்சு. குழி இல்ல, புதைஞ்ச கட்டை, ரயிலுக்குக் குறுக்கால போட்ட பழைய கட்டை, முனை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு. பின்சக்கரம் வழுக்கி ஒரு முழம் பள்ளத்துப் பக்கம் போயி வந்துச்சு. கீழ பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. பஞ்சு மாதிரி மேகம், அதுக்குக் கீழ எங்கயோ தண்ணிச் சத்தம். என்னங்கன்னு கத்துனேன். ஜல்லிச் சத்தத்துல கேக்கல. இல்ல கேட்டும் திரும்பல. ரெண்டு விரலால பிரேக்கைப் பிடிச்சிருக்கேன், பயமா கோவமா தெரியல, கோவம்னே வச்சுக்குவோம், அதுதான் கால் மிதிக்க உதவும். சுரங்கம் வருது. சின்னதுதான், இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். வாசல்ல போயி நின்னாரு. எப்பவும் நிக்க மாட்டாரு, விசிலடிச்சுக்கிட்டு உள்ள போவாரு, எதிரொலி கேக்கணும்னு. இன்னைக்கு நின்னு, கண்ணு பழகட்டும்னு சொல்லி, ஒரு நிமிசம் அப்படியே நின்னாரு. ஏன் கை காட்ட மாட்டேங்குறீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள மிதிச்சுட்டாரு. கேட்டாலும், எந்தக் குழி, நான் பாக்கலையேம்பாரு. முப்பத்திரண்டு வருசம் குழியைத் தவிர வேற எதைப் பாத்தாரு?

சுரங்கத்துக்கு வெளிய தேயிலைக்காடு. கொழுந்து மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு ஒரு அக்கா கீழ பள்ளத்துப் படியில இருந்து ஏறி வருது. நான் அம்பதடிக்குப் பின்னால இருக்கேன், எனக்கே தெரியுது. அவரு மணியும் அடிக்கல, நிதானிக்கவும் இல்ல, நேரா போறாரு. அந்தக்கா கடைசி நொடியில மூட்டையோட பின்னால சாஞ்சு செடிமேல உக்காந்துருச்சு. கொழுந்து சிதறிப் போச்சு. "ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. அவரு நின்னாரு, திரும்பிப் பாத்தாரு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. மூஞ்சி செத்துப்போயி இருந்துச்சு. நான்தான் இறங்கி, கொழுந்தை அள்ளிப் போட்டு, மன்னிச்சுக்கங்கக்கா, வயசானவருன்னு சொன்னேன். வயசானவருன்னு சொன்னதுக்கு அந்தக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே. உன் புருசன்தானே, நீ வச்சு ஆளுங்குற மாதிரி. ஏறி மிதிச்சேன். அவரு அதுக்குள்ள முன்னால போயாச்சு. இப்படியா ஒரு மனுசன் கல்லாப் போவான்? யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லைன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் என்ன மனுசன்?

இருக்கட்டும். கல்லாத்து மேட்டுல போயி இறங்குனதும் இருக்கு. வாய்க்கு வந்ததைப் பேசுனா, வளரு உனக்கு எதையும் பெருசு பண்ணித்தான் பழக்கம்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாரு. அதனால கணக்காப் பேசணும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவேன்? முதல்ல கொடுக்கப்பட்டதை எழுது, அப்புறம் கேக்கப்பட்டதை எழுது. எழுதுவோம். ஒண்ணு, டீக்கடை தாண்டி கொய்யாமரத்து வளைவு, குழி, இடப்பக்கம். ரெண்டு, சிமிண்டுக் குழாய்கிட்ட தண்ணி அறுத்த வாய்க்கா, இடப்பக்கம். மூணு, மைல்கல் சாஞ்சு கிடந்த இடம், இடப்பக்கம். நாலு, அந்தப் பெரிய குழி, இடது. அஞ்சு, கட்டை முனை, இடது. சரி, பாதையே இடப்பக்கம்தான் மோசம், பள்ளத்துப் பக்கம் மழைத் தண்ணி அரிக்கும். அப்ப வலப்பக்கம் ஒண்ணுமே இல்லையா? இருந்துச்சே. பழைய கைகாட்டி மரத்துக்குப் பக்கத்துல கல்லு, வலது, அழகாக் கையை இறக்கிக் காட்டுனாரு, நானும் சரின்னு சொன்னேன். பலா வேர், வலது, காட்டுனாரு. ஒண்ணுக்கும் ஆகாத பிளாஸ்டிக் பாட்டில், வலது, அதுக்குப் போயி காட்டுனாரு. கோவக்காரன் பாட்டிலுக்குக் கை காட்டுவானா? கட்டையை விட்டுட்டு பாட்டிலுக்கு? அந்தக்கா எந்தப் பக்கம் இருந்து ஏறி வந்துச்சு? பள்ளத்துப் பக்கம். இடது. கார்ல கோடு விழுந்தது எந்தக் கதவு? இரு. இரு, வளர்மதி, அவசரப்படாத. இடது கதவு. முன்னும் பின்னும் இடது. காசிமாயன் சொன்னது நெசம்.

சட்னி. சட்னி எங்கன்னு கேட்டாரே. போன மாசம், தட்டுல தோசை, இடப்பக்கம் தேங்காச் சட்னி, மலை மாதிரி வச்சிருக்கேன், சட்னி வைக்கலையான்னு கேக்குறாரு. நக்கல் பண்றாருன்னு நினைச்சு தட்டை அப்படியே வெடுக்குன்னு திருப்பி வச்சேன். திருப்புனதும் தொட்டுச் சாப்பிட்டாரு. நான் அன்னைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். காப்பி டம்ளரைத் தட்டி விட்டது எந்தக் கை? காலைல பஞ்சர் சாமானைத் தேடுறப்ப சீட்டுக்குக் கீழ இருக்குற பையில மாத்திரை அட்டை இருந்துச்சு, என்னங்க இதுன்னா சத்து மாத்திரைன்னு வெடுக்குன்னு வாங்கிக்கிட்டாரு. பென்சன் ஆபீஸ் வேலைன்னு மதுரைக்கு மூணு தடவை போயிட்டு வந்தாரே, பென்சன் ஆபீஸ்ல என்ன மூணு தடவை வேலை? அட கடவுளே. இந்த மனுசனுக்கு இடப்பக்கம் தெரியல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு, நானும் அந்தச் சோத்தையே தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அவ்வளவு குறையும் என் கண்ணு முன்னால வரிசையா நின்னுச்சு, எல்லாத்தையும் அவரு திமிருன்னே கணக்கு எழுதி வச்சேன். கண்ணு கெட்ட பெறகுன்னு ஒரு பழமொழி வாய்க்கு வருது, சீ, அதைச் சொல்லாத, முழுங்கு. தெரியாமலா இருக்காரு? தெரியும். தெரிஞ்சேதான் முன்னால போறாரு. நான் பின்னால வர்றேன்னு தெரிஞ்சு, என் சக்கரம் அவரு சக்கரத்தை நம்பித்தான் உருளுதுன்னு தெரிஞ்சு. அடப்பாவி மனுசா. அப்புறம் அந்தப் பாலம்.

பாலத்தை மறந்தே போனேன். பன்னெண்டாவது கிலோமீட்டர்ல இரும்புப் பாலம், ரயில் போன பாலம், மேல பலகை போட்டு வச்சிருக்காங்க. வலப்பக்கம் கம்பி இருக்கு. இடப்பக்கத்துக் கம்பி முந்தின வருசத்து மழையில போனது போனதுதான். எல்லாரும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாங்க, இவரு மட்டும் ஓட்டிக்கிட்டே போவாரு, அது ஒரு பெருமை. இறங்கிப் போகலாம்னு காலைலயே சொன்னேன், அட நான் இருக்கேன்லன்னாரு. நான் இருக்கேன்ல. அடுத்த வளைவு திரும்புனா தெரியும். இப்ப என்ன கிலோமீட்டர்? பதினொண்ணு முக்கால். கத்துனேன். என்னங்க, நில்லுங்கன்னு அடிவயித்துல இருந்து கத்துனேன், காத்து எதிர்க்காத்து, வாயில இருந்து வர்றதை வாயிலயே திருப்பிப் போடுது. நாலு வருசத்துல நான் அவரை முந்துனது இல்ல. முந்த முடியாதுன்னு இல்ல, முந்துனது இல்ல, அவ்வளவுதான். கியரை மாத்துனேன். தொடை ரெண்டும் எரியுது. இடப்பக்கமாப் போனா சுலபம், பாதை அங்கதான் அகலம், ஆனா அங்க போனா நான் அவருக்கு இருக்கவே மாட்டேன். மலைப்பக்கம் போனேன். உண்ணிச்செடி முள்ளு கையைக் கிழிக்குது. கிழிக்கட்டும். 'வலது'ன்னு சத்தம் குடுத்துட்டுத்தான் முந்தணும், அதுவும் அவரு எழுதுன சட்டம்தான். வலதுன்னு கத்துனேன். பக்கத்துல வந்தப்ப அவரு மூஞ்சியைப் பாத்தேன். கோழி தலையைச் சாச்சுப் பாக்குமே, அப்படி முகத்தை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு, நெத்தியெல்லாம் வேர்வை, பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றாரு. இந்தக் குளிருல வேர்வை. இவ்வளவு நேரமும் நான் முதுகைத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்கேன்.

பாலத்துக்கு இருபதடி முன்னால வண்டியைக் குறுக்கப் போட்டு நின்னேன். பிரேக் போட்டு, ஜல்லி தெறிக்க, என் சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு நின்னாரு. என்ன வளரு, பைத்தியமான்னாரு. நான் கிட்டப் போயி, என் மூக்கைப் பாருங்கன்னு சொல்லி, வலக்கையை அவரு முகத்துக்கு இடப்பக்கமா நீட்டி மூணு விரலைக் காட்டுனேன். எத்தனைன்னு கேட்டேன். என் மூக்கையே பாத்தாரு. தலையைத் திருப்பப் போனாரு, திருப்பாதீங்கன்னேன்.

"எப்ப இருந்து?"

"பங்குனியில. நீ பேப்பர் திருத்த மதுரைக்குப் போயிருந்த வாரம். காலைல எந்திரிச்சுப் பேப்பரைப் பிரிச்சா பாதிப் பேப்பர் இல்ல."

அப்புறம் மெதுவா மெதுவா சொன்னாரு. கண்ணுல கோளாறு இல்லையாம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல சின்ன அடைப்பு. ரெண்டு கண்ணுலயும் இடப்பக்கத்துப் பாதி போச்சு, போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவை வராம இருக்கத்தான் மாத்திரை. காரைத் தொடாதீங்க, சைக்கிளைத் தொடாதீங்கன்னு எழுதியே குடுத்திருக்காங்க. ஆறு மாசம். ஆறு மாசமா நான் பக்கத்துல படுத்து எந்திரிச்சிருக்கேன். ஏன் சொல்லலன்னு கேட்டேன். சொன்னா சைக்கிளைப் பூட்டி வச்சுருவன்னாரு. பூட்டத்தான் செய்வேன். ஓசூர்க்காரிக்கு போனைப் போட்டு, அப்பனைக் கூட்டிட்டுப் போய் நல்ல ஆஸ்பத்திரியில காட்டுடீன்னு சொல்லத்தான் செய்வேன். அதுக்கு இல்ல எனக்கு எரியுறது.

"அது உங்க உசுரு. நான் பின்னால வந்தேனே, அது யாரு உசுரு?"

ஹேண்டில்பாரைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம், நீ பின்னால வர்ற சத்தம் கேட்டாத்தான் எனக்கு இடப்பக்கமும் எதோ இருக்குன்னு தைரியம்னாரு. இதைக் கேட்டு நான் உருகணுமாக்கும். உருகல. காசிமாயன்கிட்ட போயி நாளைக்குக் காலைல வாசல்ல வச்சு மன்னிப்புக் கேக்கணும், கேட்டுட்டுத்தான் காப்பின்னு சொன்னேன். தலையை ஆட்டுனாரு. இறங்குங்க, தள்ளிக்கிட்டு வாங்கன்னேன். பாலத்துல அவருக்கு இடப்பக்கம், கம்பி இல்லாத பக்கம், நான் நடந்தேன். பலகைச் சந்துல கீழ வெள்ளையா தண்ணி ஓடுது. எனக்கு உசரம்னா சின்னதுல இருந்தே ஆகாது, அது அவருக்கும் தெரியும். அவரு ஒரு கை என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. உதறிவிடலாம்னு ரெண்டு தடவை நினைச்சேன், பாலம் முடியட்டும்னு விட்டேன்.

இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு. திரும்பிப் போனா பன்னெண்டு. ஜீப் வர்ற ரோடு கல்லாத்து மேட்டுலதான். நான் முன்னாலன்னேன். ஒதுங்கி வழி விட்டாரு. ஏறி மிதிச்சேன், எனக்கு முன்னால முதுகு இல்ல, வெறும் பாதை, அது இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது. முதல் குழி வருது. இடப்பக்கம். இடக்கையை இறக்கப் போனவ நிறுத்துனேன். இடக்கையைக் காட்டுனா அந்தக் கை அவருக்கு எங்க தெரியப் போகுது? என் முதுகு தெரியும், சோத்தாங்கை தெரியும். குழி பெருசாகிக்கிட்டே வருது. மணிக்கட்டு இன்னும் விண்ணு விண்ணுங்குது. அஞ்சு குழி வாங்கிருக்கேன், ஒண்ணே ஒண்ணை, ஒண்ணே ஒண்ணைக் காட்டாம விட்டா என்ன, பல்லு ஒரு தடவை கிட்டட்டும், தெரியட்டும். மனசு இதைச் சொல்லுது, சத்தியமாச் சொல்லுது, இருபத்தெட்டு வருசமும் சேந்துக்கிட்டுச் சொல்லுது. சோத்தாங்கையை எடுத்து, முதுகுக்குப் பின்னால கொண்டுபோயி, இடுப்புக்கு மேல வச்சு, இடப்பக்கம் விரலை நீட்டிக் காட்டுனேன். இப்படி ஒரு சட்டம் அவரு எழுதுனதுல இல்ல. குழி என்னைத் தாண்டிப் போச்சு. பின்னால ஜல்லிச் சத்தம் மட்டும் வருது, வேற சத்தம் இல்ல.

"சரி"ன்னு கேட்டுச்சு.

சத்தமாச் சொல்லுங்கன்னேன்.